மோட்டருக்கும் ஒரு தகுதிச் சான்று
மின்படகுப் போட்டி விதிகள் வந்த கதை



வானொலியில் நான் பேசிய உரையை எழுத்தில் தரும்படி சில பெற்றோர் கேட்டிருந்தார்கள். அங்கே நேரத்துக்குள் அடக்க வேண்டியிருந்ததை இங்கே சற்று விரித்து எழுதுகிறேன். தொலைக்கட்டுப்பாட்டில் ஓடும் சிறிய மின்படகுகளின் போட்டிகளில் எந்த மோட்டரைப் பூட்டலாம், எதைப் பூட்டக்கூடாது என்ற விதிகள் எப்படி வந்தன என்பதே பொருள்.

கணக்காளருக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நான் படித்தது வணிகவியல். திருப்புளி பிடித்த நாட்களைவிடப் பேனா பிடித்த நாட்களே அதிகம். ஆனால் இந்த விதிகளைப் படிக்கப் படிக்க, மோட்டரைப் பற்றிய கதைக்குள் பணத்தைப் பற்றியும் நம்பிக்கையைப் பற்றியும் ஒரு கதை இருப்பதைக் கண்டேன். அந்த இரண்டும் என் தொழிலோடு சேர்ந்தவை.

'தகுதி' என்ற சொல்லும் நம்மவருக்குப் புதியதல்ல. எங்கே பிறந்தீர், எந்த வழியால் வந்தீர், அத்தாட்சி எங்கே என்ற கேள்விகளுக்கு மேசைக்கு முன்னால் இருந்து பதில் சொன்ன தலைமுறை நாங்கள். அதே கேள்விகளை ஒரு மோட்டரிடமும் கேட்டிருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? கேட்டிருக்கிறார்கள். அதை வரிசையாகச் சொல்கிறேன்.

விளையாட்டைப் பற்றி முதலில்

இரண்டு அல்லது இரண்டரை அடி நீளமான படகு. உள்ளே ஒரு மின்மோட்டர், ஒரு பற்றரி, வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு மின்னணுப் பெட்டி, ஒரு வானொலி வாங்கி. கரையில் நிற்பவர் கையிலுள்ள கருவியால் அதை ஓட்டுகிறார். குளத்தில் மிதவைகளைக் கட்டி நீள்வட்டமாக ஒரு பாதை அமைத்திருப்பார்கள். ஆறேழு படகுகள் ஒன்றாகப் புறப்பட்டு, குறித்த சுற்றுகளை ஓடி முடிக்க வேண்டும். நல்ல படகு மணிக்கு 60 கிலோமீற்றரை எட்டும். இரண்டு படகுகள் முட்டினால் நொறுங்கும். ஆகவே இதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கிவிட முடியாது.

நமது வானொலிக்கு இதில் ஓர் உறவும் உண்டு. வானொலி அலைகளால் கட்டுப்படுத்தப்பட்டு ஓடிய முதல் ஊர்தியே ஒரு மின்படகுதான். 1898ஆம் ஆண்டு நியூயோர்க்கின் மடிசன் சதுக்கத் தோட்டத்தில் நடந்த மின்சாரக் கண்காட்சியில் நிக்கொலா டெஸ்லா ஒரு தண்ணீர்த் தொட்டியில் அதை ஓட்டிக் காட்டினார். அவ்வாண்டு நவம்பர் 8ஆம் திகதி அதற்குக் காப்புரிமையும் பெற்றார், இலக்கம் 613,809. உள்ளே பற்றரியும் மின்மோட்டரும் இருந்தன. வீட்டு வானொலிப் பெட்டி பிறப்பதற்கு முன்பே தொலைக்கட்டுப்பாட்டு மின்படகு பிறந்துவிட்டது என்பதை நினைத்துப் பாருங்கள்.

அதன் பிறகு மின்படகு நெடுங்காலம் பின்தங்கியது. பற்றரி பாரமாகவும் வலுக்குறைந்ததாகவும் இருந்ததே காரணம். மாதிரிப் படகுப் போட்டிகளை எரிபொருள் எஞ்சின்களே ஆண்டன. நிக்கல்-கட்மியம் பற்றரிகள் பரவிய பிறகே மின்படகு மறுபடி போட்டிக்குள் வந்தது. வந்தவுடன் எழுந்த கேள்வி: யார் எந்த மோட்டரைப் பூட்டலாம்? இதற்குப் பதில் தேடியவர்கள் வெறுங்கையோடு தொடங்கவில்லை. அவர்களுக்கு முன்னால் பெரிய படகுகளின் வரலாறு இருந்தது.

பிறந்த இடத்தைக் கேட்ட விதி

1903ஆம் ஆண்டு பிரித்தானியப் பத்திரிகை முதலாளி அல்பிரட் ஹாம்ஸ்வேர்த் சர்வதேச மோட்டர்ப் படகுப் போட்டிக்காக ஒரு கிண்ணத்தை வழங்கினார். இது நாடுகளுக்கிடையிலான போட்டி. ஆகவே விதியும் நாட்டை வைத்தே எழுதப்பட்டது. படகு அந்தந்த நாட்டவரால் வடிவமைக்கப்பட்டு அந்த நாட்டிலேயே கட்டப்பட வேண்டும். பொருட்களும் உறுப்புகளும், எஞ்சின் உட்பட, அந்த நாட்டிலேயே செய்யப்பட்டிருக்க வேண்டும். மோட்டருக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்ட விதி இது.

இந்த விதியால் யார் பயன்பெற்றார்கள்? பெரிய எஞ்சின் செய்யும் தொழிற்சாலை உள்ள நாடுகள். 1920ஆம் ஆண்டு அமெரிக்கர் கார் வூட், முதலாம் உலகப் போருக்காகச் செய்யப்பட்ட லிபேர்ட்டி விமான எஞ்சின்கள் இரண்டைப் பூட்டிய 'மிஸ் அமெரிக்கா' என்ற படகோடு இங்கிலாந்துக்குப் போய்க் கிண்ணத்தை வென்று வந்தார். 1932இல் அவருடைய 'மிஸ் அமெரிக்கா 10' நான்கு பக்கார்ட் எஞ்சின்களோடு, மொத்தம் 6,400 குதிரைவலுவோடு ஓடியது. சொந்த எஞ்சின் தொழில் இல்லாத ஒரு நாடு இந்தப் போட்டியை எட்டிப் பார்க்கவும் முடியாது.

1949இல் விதி ஓரளவு தளர்த்தப்பட்டது. அந்தத் தளர்வின் பலன் பத்து ஆண்டுகளில் தெரிந்தது. கனடாவின் ஒன்ராறியோவில் ஜிம் தொம்சன் கட்டிய 'மிஸ் சுப்பர்டெஸ்ட் 3' என்ற படகு 1959இல் டெட்ரோயிற் நகருக்குப் போய், 39 ஆண்டுகளாக அமெரிக்காவிடம் இருந்த கிண்ணத்தைக் கனடாவுக்குக் கொண்டுவந்தது. ஓட்டியவர் பொப் ஹேவேர்ட், தொழில் கோழிப்பண்ணை. 1960இலும் 1961இலும் ஒன்ராறியோவின் பிக்ரன் நகரில் அதே படகு மறுபடி வென்றது. உள்ளே இருந்தது பிரித்தானியாவில் பிறந்த ரோல்ஸ்-ரோய்ஸ் கிரிஃபன் எஞ்சின். பிறந்தது ஓரிடம், உழைத்தது வேறிடம், வென்றது உழைத்த இடத்துக்காக. நமது குடும்பங்களில் இந்தக் கதையைத் தனியாக விளக்கத் தேவையில்லை.

பருமனை அளந்த விதி

அமெரிக்காவின் உள்நாட்டுப் போட்டியான தங்கக் கிண்ணம் 1904இல் தொடங்கியது. 1917 முதல் 1921 வரை ஐந்து ஆண்டும் தொடர்ந்து கார் வூட்டே வென்றார். அவருடைய விமான எஞ்சின்களுக்கு முன்னால் மற்றவர்கள் நிற்க முடியவில்லை. போட்டியாளர்கள் குறையத் தொடங்கினால் போட்டியே செத்துவிடும் என்று நடத்துபவர்கள் உணர்ந்தார்கள். 1922இல் புது விதி வந்தது: எஞ்சின் கொள்ளளவு 625 கன அங்குலத்தைத் தாண்டக்கூடாது. நம் கணக்கில் ஏறக்குறைய 10.2 லீற்றர். லிபேர்ட்டி எஞ்சினோ 27 லீற்றர். அதாவது, பெயர் சொல்லாமலே ஒருவரின் எஞ்சினைக் கரையில் நிறுத்திய விதி.

அந்த ஆண்டு வென்றது யார் தெரியுமா? பக்கார்ட் கம்பனியின் பொறியியல் தலைவர் ஜெசி வின்சென்ற். லிபேர்ட்டி எஞ்சினை வடிவமைத்த இருவரில் ஒருவரே அவர்! பெரிய எஞ்சினைத் தடை செய்தார்கள். அதைச் செய்தவர் சிறிய எஞ்சினோடு வந்து வென்றார். பருமனை அளக்கலாம், அதற்குள் போகும் அறிவையும் தொழிற்சாலையையும் அளக்க முடியாது. எனினும் இந்த விதியில் ஒரு நன்மை இருந்தது. துளையின் விட்டமும் ஆடுதண்டின் ஓட்டமும் தெரிந்தால் பள்ளிப் பிள்ளையும் கணக்கைச் சரிபார்க்கலாம். சந்தேகம் வந்தால் எஞ்சினைத் திறந்து அளவுகோல் வைத்தால் போதும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தகரக் கூட்டை அளந்த விதி

இனிச் சிறிய மின்படகுக்கு வருவோம். ஜப்பானின் மபுச்சி கம்பனி செய்த 540 என்ற மோட்டர் வகையை உங்களில் சிலர் கண்டிருப்பீர்கள். ஏறக்குறைய 36 மில்லிமீற்றர் விட்டம், 50 மில்லிமீற்றர் நீளம் உள்ள உருளையான தகரக் கூடு. பொம்மைக் கார் முதல் வீட்டுக் கருவிகள் வரை அந்த அளவு மோட்டர்கள் கோடிக்கணக்கில் செய்யப்பட்டதால் விலை மலிவு. தொலைக்கட்டுப்பாட்டுக் கார்ப் போட்டிகளில் இந்த அளவே அடிப்படையாயிற்று. அங்கிருந்து படகுக்கும் வந்தது.

மின்மோட்டரில் கன அங்குலம் கிடையாது. ஆகவே விதி எழுதியவர்கள் வேறு அளவுகளைப் பிடித்தார்கள். கூடு இந்த அளவு இருக்க வேண்டும். உள்ளே சுழலும் ஒவ்வொரு பல்லிலும் செப்புக் கம்பி 27 சுற்றுச் சுற்றியிருக்க வேண்டும். காந்தம் சாதாரண ஃபெரைற் காந்தமாக இருக்க வேண்டும். சுற்றுக் குறைந்தால் கம்பியின் தடை குறையும், மின்னோட்டம் கூடும், வேகமும் சூடும் கூடும். 27 சுற்று என்பது வேகத்துக்கும் ஆயுளுக்கும் இடையில் ஒரு நடுவழி. இந்த வகையைக் கடையில் வாங்கியபடியே ஓடும் மோட்டர் என்ற பொருளில் 'ஸ்ரொக்' என்றார்கள். நோக்கம் நல்லது. மாணவனும் தொழிலதிபரும் ஒரே விலை மோட்டரோடு வரலாம்.

நடந்தது வேறு. தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்யும் மோட்டர்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்றின் காந்தம் சற்று வலுவாக இருக்கும். இன்னொன்றின் அச்சு சற்று நேராக இருக்கும். வசதியுள்ளவர் பதினைந்து மோட்டர் வாங்கி, ஒவ்வொன்றையும் சோதனைக் கருவியில் ஓட்டி, நல்ல ஒன்றைப் பொறுக்கினார். ஒரு மோட்டர் 20 டொலர் என்று வைத்துக்கொள்வோம். விதிப்படி மோட்டரின் விலை 20 டொலர். அவர் படகில் இருக்கும் மோட்டரின் உண்மையான கொள்விலையோ 300 டொலர். இரண்டும் பார்வைக்கு ஒன்றே. எந்த நடுவராலும் வேறுபாட்டைக் காண முடியாது.

அதோடு நிற்கவில்லை. காபன் பிரஷ்களை மாற்றினார்கள், அவற்றை அழுத்தும் சுருள்களை மாற்றினார்கள். புது மோட்டரைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி ஓட்டி, பிரஷ்கள் விரைவாகப் படியும்படி செய்தார்கள். காந்தங்களுக்கு மறுபடி காந்தமூட்டும் கருவி வந்தது. பிரஷ் உரசும் செப்பு வளையத்தைக் கடைந்து எடுக்கச் சிறு கடைசல் இயந்திரமும் வந்தது. அதன் விலை பல மோட்டர்களின் விலை. மலிவாக இருக்க வேண்டும் என்று எழுதிய விதிக்குள் ஒரு செலவுச் சந்தை முளைத்தது. எழுத்தில் விதி மீறப்படவில்லை. ஆனால் விதியின் உயிர் போய்விட்டது.

பெயர்ப் பட்டியல்

1990களில் பிரஷ் இல்லாத மோட்டர்கள் மாதிரிப் படகுகளுக்கு வரத் தொடங்கின. 2000களில் இலேசான லிதியம் பொலிமர் பற்றரியும் சேர்ந்துகொண்டது. பிரஷ் இல்லை, கடைய வேண்டிய வளையம் இல்லை, தண்ணீரில் அமிழ்த்தும் சடங்கும் இல்லை. பழைய தந்திரங்களில் பாதி ஒரேயடியாக ஒழிந்தது. கூடவே பழைய விதிகளும் பொருளற்றுப் போயின. 27 சுற்று என்பதை இந்த மோட்டரில் எப்படிக் கேட்பது?

புதிய மோட்டர்களை அடையாளம் காட்டுவது கே.வி. எண். ஒரு வோல்ற் கொடுத்தால், சுமையில்லாமல், நிமிடத்துக்கு எத்தனை தடவை சுற்றும் என்பதே அது. லிதியம் பொலிமர் கலம் ஒன்று 3.7 வோல்ற். நான்கு கலத்தைத் தொடராக இணைத்தால் 14.8 வோல்ற். கே.வி. எண் 2,030 என்றால், பெருக்கிப் பாருங்கள்: நிமிடத்துக்கு ஏறக்குறைய 30,000 சுற்று. எண் 1,500 என்றால் 22,200 சுற்று. ஆகவே முதலாவது விதி வோல்ற்றுக்கு வந்தது. எத்தனை கலம் என்பதை வைத்தே வகுப்புகள் பிரிக்கப்பட்டன. வட அமெரிக்க மாதிரிப் படகுச் சங்கமான 'நாம்பா'வில் நான்கு கலப் படகுகள் 'பி' வகுப்பு, ஆறு கலப் படகுகள் 'கியூ' வகுப்பு.

ஆனால் வோல்ற் ஒன்றாக இருந்தாலும் மோட்டர் ஒன்றாக இருக்க வேண்டியதில்லையே. ஐரோப்பாவில் கையால் செய்யும் விலையுயர்ந்த மோட்டரும், பெட்டியோடு வரும் சாதாரண மோட்டரும் ஒரே குளத்தில் சந்தித்தன. முடிவு எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இதற்கு மருந்தாக 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் 'பி லிமிற்றெட்' என்ற வகுப்பு வளர்ந்தது. அளவைப் பற்றி நீளமாக எழுதாமல், பெயரையே எழுதிவிட்டார்கள். கடையில் ஓடத் தயாரான நிலையில் விற்கப்பட்ட படகுகளில் வரும் மோட்டர்களின் பட்டியல் ஒன்று; அதில் உள்ளதை மட்டும் பூட்டலாம். அக்குவாகிராஃப்ட் யூஎல்-1 என்ற படகில் வந்த, 36 மில்லிமீற்றர் விட்டமும் 56 மில்லிமீற்றர் நீளமும் கே.வி. 2,030உம் கொண்ட மோட்டர் அவற்றில் பெயர் பெற்றது.

இந்த விதியின் சிறப்பை ஒரு கணக்காளன் என்ற முறையில் நான் மிகவும் மதிக்கிறேன். மேலே ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்தாலே பாதிச் சோதனை முடிந்தது. விலை எல்லாருக்கும் தெரியும். தாயோ தகப்பனோ கடைக்குப் போய் ஒரு பெட்டியை வாங்கி வந்தால், பிள்ளை அடுத்த ஞாயிறு போட்டியில் நிற்கலாம். புதியவர்கள் இந்த வாசலால் உள்ளே வந்தார்கள்.

குறையும் இருந்தது. பெயரை விதியில் எழுதினால் உங்கள் விதியின் ஆயுள் அந்தக் கம்பனியின் ஆயுளோடு கட்டப்பட்டுவிடுகிறது. அக்குவாகிராஃப்ட் என்பது ஹொபிக்கோ கம்பனியின் வணிகப் பெயர். அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் ஷம்பெய்ன் நகரில் இருந்த, ஊழியர்களே பங்குடைமையாளராக இருந்த கம்பனி அது. 2018 ஜனவரியில் அது கடனிறுக்க முடியாமல் நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. அதன் பெரும்பகுதிச் சொத்துக்களை அதே நகரில் இருந்த போட்டிக் கம்பனியான ஹொரைசன் ஹொபி அந்த ஆண்டே வாங்கியது. அக்குவாகிராஃப்ட் படகுகள் கடைகளிலிருந்து மறைந்தன. ஒரு கம்பனியின் ஐந்தொகையில் விழுந்த ஓட்டை, குளத்தங்கரையில் ஒரு பிள்ளையின் படகுக்கு மாற்று மோட்டர் இல்லாமற் செய்தது. பெயர்ப் பட்டியல் வைப்பவர் அதைத் திருத்துவதற்கும் ஒரு வழியைச் சேர்த்தே எழுதிவைக்க வேண்டும் என்பது இதன் பாடம்.

பற்றரியை நிறுத்துப் பார்த்த விதி

ஐரோப்பாவில் வேறு பாதையில் சிந்தித்தார்கள். 1959இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் தொடங்கிய 'நவீகா' என்ற மாதிரிக் கப்பல் சம்மேளனத்தின் மின்படகு வகுப்புகளில், எரிசக்திக்கே வரம்பு வைத்தார்கள். மொனோ-1 வகுப்பில் லிதியம் பொலிமர் பற்றரி 280 கிராமுக்கு மேற்படக்கூடாது; மொனோ-2 வகுப்பில் 560 கிராம். மோட்டர் எதுவாக இருந்தாலும் சரி, நீ கொண்டுவரும் மின்சாரம் இவ்வளவுதான், அதைச் சிக்கனமாகச் செலவழி என்பது கருத்து. வருமானம் ஒன்றே, வீட்டை எப்படி நடத்துகிறாய் பார்ப்போம் என்பது போல.

பெரிய படகுகளிலும் இதே எண்ணம் வந்தது. இராணுவ ஹெலிகொப்டர்களிலிருந்து கழித்த டர்பைன் எஞ்சின்கள் 1980களில் அமெரிக்கப் படகுப் போட்டிகளை ஆளத் தொடங்கியபோது, அவற்றுக்குப் போகும் எரிபொருளின் ஓட்டத்துக்கு வரம்பு வைத்தார்கள். எஞ்சினைத் துருவிப் பார்ப்பதைவிட அதன் உணவை அளப்பது எளிது.

தராசு பொய் சொல்லாது என்பது இந்த விதியின் பலம். ஒரு சமையலறைத் தராசு இருந்தால் நடுவர் வேலை முடிந்தது. ஆனால் மோட்டர் திறந்தே இருப்பதால், ஒவ்வொரு கிராம் பற்றரியிலிருந்தும் அதிக வேகத்தைப் பிழியும் விலையுயர்ந்த மோட்டரே முன்னுக்கு வரும். திறமையை வளர்க்க நல்ல விதி. புதியவரை உள்ளே அழைக்கும் விதி என்று சொல்ல மாட்டேன்.

விலைபேசும் விதியும் குலுக்கலும்

குதிரைப் பந்தயத்தில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. குறித்த சில பந்தயங்களில் ஓடும் எந்தக் குதிரையையும், முன்கூட்டியே அறிவித்த விலைக்கு, தகுதியுள்ள வேறொருவர் உரிமைகோரி வாங்கிக்கொள்ளலாம். ஆகவே ஐம்பதாயிரம் பெறுமதியான குதிரையைப் பத்தாயிரம் விலைப் பந்தயத்தில் ஓடவிட ஒருவரும் துணிய மாட்டார். வட அமெரிக்காவின் சிறிய கார்ப் பந்தயத் திடல்களிலும் எஞ்சினுக்கு இதைக் கையாண்டார்கள். வென்றவரின் எஞ்சினை விதியில் எழுதிய விலைக்குத் தோற்றவர் கேட்கலாம்; மறுத்தால் தண்டனை.

இதில் நடுவருக்கு ஆராய்ச்சியே தேவையில்லை. ஊரில் காணி பிரிக்கும்போது ஒருவர் பங்கு பிரிக்க மற்றவர் முதலில் தெரிவு செய்வார் அல்லவா? பிரிப்பவர் தானாகவே நேர்மையாகப் பிரிப்பார். அதே தத்துவம். பதினைந்தில் பொறுக்கிய மோட்டரை 20 டொலருக்குப் பறிகொடுக்க நேரும் என்றால், யார் பதினைந்து வாங்கப் போகிறார்கள்? ஆனால் பகையை வளர்க்கவும் இந்த வழியால் முடியும். வென்ற பிள்ளையின் மோட்டரை மற்றப் பிள்ளையின் தகப்பன் வந்து கழற்றிக்கொண்டு போவதைப் பார்க்க நான் விரும்பமாட்டேன்.

இதைவிட மென்மையான வழி குலுக்கல். போட்டி நடத்துபவர்களே ஒரே வகை மோட்டர்களை மொத்தமாக வாங்கி, அன்று காலை சீட்டுக் குலுக்கிக் கொடுப்பார்கள். தொலைக்கட்டுப்பாட்டுக் கார்ப் போட்டிகள் பலவற்றில் இதைச் செய்திருக்கிறார்கள். அதிர்ஷ்டம் சிறிது கலக்கும். ஆனால் அதிர்ஷ்டத்துக்குப் பணக்காரன், ஏழை தெரியாது.

விதியை எழுதுபவர் யார்?

மோட்டருக்குக் கட்டுப்பாடு என்றவுடன் நம்மில் சிலருக்கு வேறொரு நினைவும் வரும். போர்க்காலத்தில் வடக்குக் கடலில் மீன்பிடிப் படகுகளின் எஞ்சினுக்கு இத்தனை குதிரைவலுதான் என்று கட்டுப்பாடு இருந்தது. எத்தனை மணிக்குப் போகலாம், எவ்வளவு தூரம் போகலாம் என்பதும் வேறொருவரால் எழுதப்பட்டது. கடலுக்குப் போகும் மனிதரிடம் யாரும் கேட்கவில்லை. வலையும் படகும் இருந்தும் பட்டினி கிடந்த வீடுகள் உண்டு. அதை அனுபவித்தவர்கள் 'கட்டுப்பாடு' என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிப்பது நியாயம்.

ஆனால் குளத்தங்கரைக் கழகத்தின் விதி வேறு வகையானது. போட்டியிடுபவர்களே கூடி, தங்களைத் தாங்களே கட்டிக்கொள்ள எழுதும் விதி அது. பிடிக்காவிட்டால் அடுத்த கூட்டத்தில் எழுந்து மாற்றக் கேட்கலாம். ஆகவே எந்த விதியைப் பார்த்தாலும் எதைத் தடுக்கிறது என்பதோடு, யார் எழுதினார்கள், அவர்களும் அதற்குக் கட்டுப்படுகிறார்களா என்றும் கேட்கப் பழகவேண்டும். நம் பிள்ளைகளும் அப்படிக் கேட்கப் பழகினால் நல்லது.

இப்போது நம் வீட்டு விடயம். நேயர் குடும்பங்கள் சில சேர்ந்து, கோடை விடுமுறையில் இளையோருக்கு மின்படகுப் போட்டி ஒன்று நடத்த எண்ணியிருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். கணக்குப் பார்க்கும் பொறுப்பு எனக்கு. முதல் கூட்டத்திலேயே இரண்டு கட்சி. பொறியியலாளரான ஒரு தகப்பன், "பிள்ளையளின்ர மூளைக்கு ஏன் பூட்டுப் போடுறியள்? மோட்டரைத் திறந்து விடுங்கோ, படிக்கட்டும்" என்றார். இரண்டு வேலை செய்யும் ஒரு தாய் மெதுவாகச் சொன்னார்: "அண்ணை, ஒரு படகு வேண்டிக் குடுக்கலாம். போட்டி போட்டு மாதாமாதம் மோட்டர் வேண்டிக் குடுக்க ஏலாது. பிறகு பிள்ளை தானாவே வரமாட்டன் எண்டு நிக்கும்."

இரண்டு பேரும் சொன்னது உண்மை. நூறாண்டு வரலாறும் இந்த இரண்டு குரலுக்கும் இடையில்தான் ஓடியிருக்கிறது. ஆனால் எது முதலில் வரவேண்டும் என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. அந்தத் தாயின் பிள்ளை முதலில் குளத்தங்கரைக்கு வரவேண்டும். வராத பிள்ளையின் மூளைக்கு எந்த மோட்டராலும் பயன் இல்லை.

ஆகவே நான் முன்வைப்பது இது. தொடக்க வகுப்பில் எல்லாருக்கும் ஒரே வகை மோட்டர். அவற்றைப் பொதுப் பணத்தில் மொத்தமாக வாங்குவோம். போட்டி நாளில் குலுக்கிக் கொடுத்து, மாலையில் திரும்ப வாங்குவோம். எந்த மோட்டர் என்பதை ஆண்டுக்கு ஒருமுறை பெற்றோரும் பிள்ளைகளும் கூடி மறுபரிசீலனை செய்வோம். கம்பனி மறைந்தாலும் போட்டி மறையாது. இரண்டாவது, திறந்த வகுப்பு. பற்றரியின் நிறைக்கு மட்டும் வரம்பு. மோட்டரில் பிள்ளை விரும்பியதைச் செய்யலாம். ஆனால் என்ன செய்தது, எவ்வளவு செலவு என்பதை ஒரு தாளில் எழுதி எல்லாரும் பார்க்கும்படி ஒட்ட வேண்டும். பொறியியலாளரின் பிள்ளை கற்றதை மற்றப் பிள்ளைகளும் கற்கும்.

எங்கள் தொழிலில் ஒரு பாலபாடம் உண்டு. கணக்காய்வு செய்ய முடியாத கணக்கை நம்பாதே. மோட்டர் விதிக்கும் அதுவே பொருந்தும். கன அங்குலம், பெயர்ச்சீட்டு, தராசு, குலுக்கல் ஆகியவற்றை அன்றுதான் வந்த புதியவரும் தன் கண்ணால் சரிபார்க்கலாம். பொறுக்கி எடுத்த மோட்டரை மட்டும் ஒருவராலும் சரிபார்க்க முடியவில்லை. அந்த விதிதான் உள்ளிருந்து உக்கியது. தோற்ற பிள்ளை வீட்டுக்குப் போகும்போது, 'அவன் என்னைவிட நன்றாக ஓட்டினான்' என்று சொல்ல வேண்டும். 'அவனிடம் காசு இருந்தது' என்று சொன்னால் நாங்கள் எழுதிய விதி பிழை.

கூட்டத்தின் நாளும் இடமும் ஒலிபரப்பில் அறிவிக்கப்படும். இந்த முன்வைப்பை ஏற்பவர்களும் வரவேண்டும். ஏற்காதவர்கள் கட்டாயம் வரவேண்டும். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள், அவர்களுக்கும் ஆளுக்கொரு வாக்கு உண்டு.

அடுத்த மாதம் வேறொரு உரையோடு சந்திப்போம்.